நீதி என்றால் முறை

திங்கட்கிழமைதோறும் தர்மபுரி, கிருஷ்ணகிரி கலெக்டர் அலுவலகங்களில் குறைதீர் கூட்டம் நடக்கும். மறுநாள் பேப்பரில் ‘பட்டா கேட்டுப் பெண்கள் முறையிட்டனர்’ என்று ஒரு செய்தி வரும். முறையிட்டனர் என்றால் புலம்பினார்கள், கெஞ்சினார்கள் என்றுதான் நம்மில் பலர் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் இருக்கும் ‘முறை’க்கே நீதி என்று பொருள். முறையிடுவது கெஞ்சல் இல்லை, நீதி கேட்பது.

‘நீதி’ வடசொல். நடத்திச் செல்வதைக் குறிக்கும் ‘நீ’ என்ற வேரிலிருந்து வந்தது. அங்கே அதற்கு ஒழுகும் வகை, ஆளும் உத்தி என்று பொருள். இந்தியில் இன்றும் நீதி என்றால் கொள்கைதான். கோர்ட்டில் கேட்பது ‘நியாய்’. நம்மிடம் நீதிநூல், நீதிக்கதை ஆகியவற்றில் அந்தப் பழைய பொருள் மிச்சமிருக்கிறது. பஞ்சாயத்தில் பேசும் ‘ஞாயம்’ நியாயத்தின் பேச்சு வடிவம். அதுவும் வடசொல்தான்.

முறைக்கு வள்ளுவரே விளக்கம் தந்துவிட்டார்: ‘ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும் தேர்ந்துசெய் வஃதே முறை’. தீர விசாரித்து, வேண்டியவர் என்று இரக்கம் காட்டாமல், நடுவில் நின்று, யாராக இருந்தாலும் ஆராய்ந்து செய்வது. ‘யார்மாட்டும்’ என்ற ஒரு சொல்லில் சமத்துவம் வந்துவிடுகிறது. ‘தேர்ந்து’ என்பதையும் கவனியுங்கள். கண்ணகி பாண்டியனை ‘தேரா மன்னா’ என்றாளே, அதே வினைதான். முறையின் முதல் வேலையையே நீ செய்யவில்லை என்கிறாள்.

அரூர் பக்கம் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள், மக்களை அடித்தார்கள், 18 பெண்களை வன்கொடுமை செய்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கம் துணைநிற்க, ஊர் முறையிட்டது. அந்தப் பெண்களும் கோர்ட்டில் வந்து சாட்சி சொன்னார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. மற்ற 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். அப்புறம் மேல்முறையீடு. இந்தத் தடவை முறையிட்டவர்கள் தண்டனை பெற்றவர்கள்! 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவற்றைத் தள்ளுபடி செய்து, அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 31 வருஷம் பிடித்தது.

சரி, நீதியை எடுத்துவிட்டு எல்லா இடத்திலும் முறையைப் போட்டுவிடலாமா? எனக்கு ஒப்புதல் இல்லை. முறைக்கு வேலை அதிகம். ‘இன்னைக்கு எங்க முறை’ என்று ஏரித் தண்ணீருக்குச் சொல்கிறோம், ‘முறை மாமன்’ என்கிறோம். ‘சமூக நீதி’யை ‘சமூக முறை’ ஆக்கினால் ஏதோ வழக்கம் போலாகிவிடும். நீதிமன்றத்துக்கு அறமன்றம், முறைமன்றம் இரண்டும் பொருந்தும். மாஜிஸ்திரேட்டுக்கு ‘நடுவர்’ என்று அரசே எழுதுகிறது, அருமையான சொல். வினையில்தான் முறை கச்சிதமாக உட்காரும்: ‘நீதி வழங்கினார்’ என்பதற்கு ‘முறை செய்தார்’. அநீதிக்கு ‘முறைகேடு’ சரியாக இருந்திருக்கும். பேப்பர்காரர்கள் அதைப் பணம் சுருட்டுவதற்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டார்கள்.