முன்பல் பிரிட்ஜ்: சிர்கோனியா எப்படி உடையாம நிக்குது?

முன்பல்லு போயிட்டா சிரிக்கிறதுக்கு மட்டும் இல்ல, பேச்சுக்கும் கஷ்டம்தான், 'த' சொல்லும்போது நாக்கு நுனி போய் முட்டுற இடமே அதுதானே. பிரிட்ஜ்ங்கிறது சிம்பிளான ஐடியா. ரெண்டு பக்கத்து பல்லையும் சுத்தி ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் ராவி, அதுங்க மேல கேப் மாட்டி, நடுவுல ஒரு டம்மி பல்லு, மூணும் சேர்ந்து ஒரே பீஸ்.

சிக்கல் மெட்டீரியல்லதான். பீங்கான் அழகா இருக்கும், நிஜப் பல்லு மாதிரியே வெளிச்சத்தை உள்ள விட்டு சிதறடிக்கும், ஆனா கடிக்கும்போது டம்மி பல்லு சேருற இடம் லேசா வளையும் பாருங்க, அங்க ஒரு சின்ன விரிசல் விழுந்தா போதும், சர்ருனு ஓடி உடைஞ்சிடும். அதனால உள்ள மெட்டல் வச்சு மேல பீங்கான் சுட்டாங்க. அதுல வெளிச்சம் போகாம பல்லு செத்த மாதிரி தெரியும், நாளாக ஆக ஈறு ஓரத்துல சாம்பல் கோடு வேற.

இங்கதான் சிர்கோனியா வருது, சிர்கோனியம்ங்கிற உலோகத்தோட ஆக்சைடு, வெள்ளையான ஒரு செராமிக். இதோட படிகங்கள் 1170 டிகிரிக்கு மேல ஒரு வடிவத்துல இருக்கும், ஆறினா வேற வடிவத்துக்கு மாறி கொஞ்சம் பெருசாகும். இட்ரியான்னு இன்னொரு உலோக ஆக்சைடைக் கொஞ்சம் கலந்தா ஆறின பிறகும் பழைய வடிவத்துலயே பிடிச்சு வைக்கலாம். விரிசல் ஒண்ணு கிளம்புதுன்னா அதோட முனையில இருக்கிற அழுத்தத்துல அங்க உள்ள படிகங்கள் மட்டும் டக்குனு மாறி, சுமார் 4 சதவீதம் உப்பி, விரிசலை நெருக்கிடும். 1970கள்லயே கண்டுபிடிச்ச விஷயம் இது.

லேப்ல பிரிட்ஜை 20, 25 சதவீதம் பெருசா செதுக்கி, கிட்டத்தட்ட 1500 டிகிரில சுடுவாங்க, அது சுருங்கி சரியான சைஸுக்கு வந்துடும்.

ஆனா இட்ரியாவைக் கூட்டினா வெளிச்சம் நல்லா ஊடுருவும், அந்த உப்புற வித்தை குறைஞ்சு பலமும் குறையும். கடைவாய் அளவுக்கு முன்னாடி லோடு வராது, அதனால முன்பல்லுக்கு இந்த ரகத்தையும் பயன்படுத்துறாங்க. கலர் பார்க்கிறத மட்டும் ராவுறதுக்கு முன்னாடியே முடிச்சிடணும், வாயைத் திறந்தே வச்சிருந்தா பல்லு காய்ஞ்சு வெளுத்துடும், மேட்ச் தப்பிடும்.

என்னைக் கேட்டா, பக்கத்து பல்லு ரெண்டும் பழுதில்லாம இருந்தா ராவ ஒத்துக்கறதுக்கு முன்னாடி யோசிங்க, எனாமல் திரும்ப வளராது. ஒரு பல்லு மட்டும் போயிருந்தா, பக்கத்து பல்லோட பின்பக்கம் மெல்லிசா ஒரு இறக்கையை ஒட்டி நிறுத்துற மேரிலாண்ட் பிரிட்ஜ் ஒத்துவருமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.