போலிக் அமிலம்: பிள்ளை தங்கும் முன்பே வாங்க வேண்டிய குளிசை

எங்கள் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளை தங்கியது தெரிந்தாலும் மூன்று மாதம் முடியும்வரை வெளியில் சொல்ல மாட்டார்கள். கண்ணூறு பட்டுவிடும் என்ற பயம். அந்தப் பயத்தை நான் குறைசொல்லவில்லை. ஆனால் போலிக் அமிலம் என்ற விட்டமின் குளிசைக்கு வேலையே அந்த மூன்று மாதத்துக்குள்தான்.

பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் குழாய், கருத்தரித்து 28 நாட்களில் மூடிவிடும். அதாவது, நாள் தள்ளிப்போய் இரண்டு கிழமை ஆகும்போதே அந்த வேலை முடிந்திருக்கும். சரியாக மூடாவிட்டால் பிள்ளை முதுகுத்தண்டில் பிளவோடு பிறக்கலாம். குளிசை அந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கும்.

அதனால்தான் பிள்ளைக்குக் காத்திருக்கும் நாளிலிருந்தே தொடங்கி, கர்ப்பத்தின் 12ஆம் கிழமை வரை தினமும் போடச் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளுக்கு 400 மைக்ரோகிராம். முந்திய பிள்ளைக்கு இந்தக் குறை இருந்தாலோ, வலிப்புக்கு மருந்து எடுப்பவராக இருந்தாலோ முதலிலேயே டொக்டரிடம் சொல்லுங்கள். அவர்களுக்கு அளவு கூட வேண்டியிருக்கும்.

இது அரசாங்கம் இலவசமாகத் தருவது. கலியாணம் முடிந்ததும் உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம், நாம் மிட்வைஃப் மிஸ் என்று கூப்பிடுகிறவரிடம், பெயரைப் பதியுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் விசாரிக்கலாம். செக்ரோலில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் பதிவில், பெயர் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. கொழும்பில் கடையில் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்த பிள்ளைக்கும் இதே உரிமைதான். லயத்துக்குச் சொல்லாவிட்டாலும் மிஸ்ஸிடம் மட்டும் மறைக்காதீர்கள். பிந்திப்போனவர்களும் இன்றைக்கே தொடங்கலாம்.

12 கிழமைக்குப் பிறகு கிளினிக்கில் இரும்புச்சத்தோடு சேர்ந்த குளிசை தருவார்கள். இங்கேதான் நம் தேத்தண்ணி குறுக்கே வருகிறது. மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு, குளிசையை வாயில் போட்டுச் சூடான சாயத்தோடு விழுங்கினால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. வெறும் தண்ணீரோடு போடுங்கள். தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளி வையுங்கள். மலம் கறுத்துப் போவதைக் கண்டு பயந்து குளிசையைப் பீலிக்கரையில் வீசியவர்களை எனக்குத் தெரியும். அது இரும்பின் நிறம்தான். குமட்டல் தாங்க முடியாவிட்டால் நிறுத்தாமல் மிஸ்ஸிடம் கேளுங்கள், இரவில் போடச் சொல்லலாம்.

என் நாத்தனார் குளிசைப் பக்கெட்டைச் சாமிப்படத்தடியில் நெருப்புப்பெட்டியோடு வைத்திருந்தார். விளக்கேற்றும்போது ஒன்று. ஒருநாளும் மறக்கவில்லை.