கை சூடாகுமா? நாணயம் சுண்டிப் பார்ப்போம்

"தொடர்ந்து நாலு பந்து கூடையில் விழுந்தால் ஐந்தாவதும் விழும் என்கிறார்களே, உண்மையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அமெரிக்கக் கூடைப்பந்து அணியான கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் 2014–15 பருவத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. 82 ஆட்டங்களில் 67 வெற்றி, அப்புறம் 40 ஆண்டுகள் கழித்து, அந்நாட்டுக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் கோப்பை. அதே பருவத்தில் 2015 ஜனவரி 23 அன்று, சாக்ரமெண்டோ கிங்ஸுக்கு எதிரான மூன்றாவது கால்பகுதியில், வாரியர்ஸ் ஆட்டக்காரர் கிளே தாம்சன் கூடையை நோக்கி 13 முறை எறிந்தார், பதின்மூன்றும் உள்ளே. 12 நிமிடத்துக்குள் 37 புள்ளிகள். 'கை சூடாகிவிட்டது' என்பது இதைத்தான்.

அதெல்லாம் பிரமை என்று 1985-ல் உளவியல் ஆய்வாளர்கள் கிலோவிச், வலோன், ட்வெர்ஸ்கி மூவரும் எழுதினார்கள். என்.பி.ஏ.வின் பிலடெல்பியா அணியின் கணக்குகளையும், கார்னெல் பல்கலைக்கழக ஆட்டக்காரர்களை எறியச் சொல்லிக் கிடைத்த கணக்குகளையும் பார்த்தார்கள். தொடர்ந்து சில வீச்சுகள் விழுந்த பிறகும் வெற்றி விகிதம் குறிப்பிடும்படி உயரவில்லை. பல ஆண்டுகள் அதுவே முடிந்த முடிவாக இருந்தது.

பொருளாதார ஆய்வாளர்கள் ஜோஷுவா மில்லரும் ஆடம் சான்ஹூர்ஹோவும் 2018-ல் வெளியிட்ட கட்டுரையில் அந்த எண்ணும் முறையிலேயே ஓட்டை இருப்பதைக் காட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஒரு நாணயத்தை மூன்று முறை சுண்டுங்கள். தலை விழுந்த பிறகு அடுத்ததும் தலையாக வந்தது எத்தனை சதவீதம்? 50 என்றுதான் தோன்றும். சரி, எண்ணிப் பார்ப்போம். மொத்தம் 8 வரிசைகள் சாத்தியம். பூ-பூ-பூ, பூ-பூ-தலை இரண்டிலும் தலைக்குப் பின் எதுவும் இல்லை, விட்டுவிடலாம். தலை-தலை-தலைக்கு 100. பூ-தலை-தலைக்கும் 100. தலை-தலை-பூவில் இரண்டு வாய்ப்பில் ஒன்று, 50. தலை-பூ-தலை, தலை-பூ-பூ, பூ-தலை-பூ மூன்றுக்கும் பூஜ்யம். கூட்டினால் 250. ஆறால் வகுத்தால் ஏறக்குறைய 42!

நாணயத்தில் எந்தக் கோளாறும் இல்லை. தலைக்குப் பின் வரும் 8 வாய்ப்புகளையும் ஒரே குவியலாகப் போட்டு எண்ணினால் சரியாக 4 தலை. ஆனால் தலை-தலை-தலையில் இரண்டு வெற்றிகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தும், சராசரியில் அந்த வரிசைக்கு ஒரே ஓட்டுதான். தனித்தனியாகச் சிதறிய தோல்விகளுக்கோ ஆளுக்கொரு ஓட்டு. அங்கேதான் எட்டு சதவீதம் கரைகிறது.

ஒவ்வொரு ஆட்டக்காரரின் வீச்சுகளும் இப்படி ஒரு தனி வரிசைதான். வெற்றிகளுக்குப் பிறகும் அவர்களின் விகிதம் சராசரியாகக் குறையாமல் நின்றால், நாணயம் சரிந்திருக்கும் இடத்தில் அவர்கள் சரியவில்லை என்று பொருள். இந்தத் திருத்தத்தோடு பார்த்தபோது, கார்னெலின் அதே பழைய எண்களிலேயே சூடான கை தெரிந்தது.

புதிய கருவி இல்லை, புதிய ஆய்வகம் இல்லை. பழைய தரவை மறுபடி எண்ணிப் பார்க்கும் இப்படிப்பட்ட வேலைக்கும் தாராளமாக ஆராய்ச்சி நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதே சமயம், வென்ற அன்று போட்ட சட்டையைத் துவைக்காமல் மறுநாளும் போடும் ரசிகர்களுக்கு இதில் ஆதரவு எதுவும் இல்லை. சூடு, பந்தை எறிகிற கையில் மட்டும்தான்.