செவுள் வழியே நுழையும் நஞ்சு

ஒரு லிட்டர் காற்றில் சுமார் 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது. 20 டிகிரி செல்சியஸில் உள்ள ஒரு லிட்டர் நன்னீரில் முழுதாகக் கரைந்தாலும் 7 மில்லிலிட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். இந்தக் கொஞ்சத்தைக் கறந்தெடுக்க மீன் ஓயாமல் வாய்வழியே நீரை இழுத்துச் செவுளின் மேல் பாய்ச்ச வேண்டியிருக்கிறது. செவுள் இதழ்களில் நீரையும் ரத்தத்தையும் பிரிக்கும் சுவர் சில மைக்ரோமீட்டர் தடிமன்தான். ஆக்சிஜன் எளிதாக உள்ளே போகட்டும் என்று அமைந்த மெல்லிய சுவர் அது. நீரில் கரைந்த ரசாயனமும் அதே வழியாக நுழைகிறது. மாசு மீனைத் தாக்கும் விதத்தைப் புரிந்துகொள்ளச் செவுளில் தொடங்குவதுதான் சரி.

செவுளின் வேலை மூச்சோடு முடிவதில்லை. நன்னீர் மீனின் ரத்தத்தில் உப்பு அதிகம், வெளியே உள்ள நீரில் மிகக் குறைவு. உடலிலிருந்து உப்பு கசிந்துகொண்டே இருக்கும். செவுளில் உள்ள தனிவகைச் செல்கள் நீரிலிருந்து சோடியத்தையும் குளோரைடையும் இழுத்து அந்த இழப்பை ஈடுகட்டுகின்றன. தாமிரமும் வெள்ளியும் அந்தச் சோடியப் பாதையை அடைக்கின்றன. காட்மியமும் துத்தநாகமும் கால்சியப் பாதையை அடைக்கின்றன. ரத்தத்தில் உள்ள சோடியம், குளோரைடில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விட்டால் ரத்தம் கெட்டிப்பட்டு இதயம் நின்றுவிடும். தாமிரத்தால் சாகும் மீன் பெரும்பாலும் உப்பை இழந்தே சாகிறது.

நீரில் தாமிரம் எவ்வளவு என்று மட்டும் கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும். கடின நீரில் கால்சியம் நிறைய இருப்பதால் செவுளில் உலோகம் ஒட்டும் இடங்களுக்கு அது போட்டி போடுகிறது. மக்கிய இலைதழைகளிலிருந்து வரும் கரிமப் பொருள் தாமிரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கடின நீரில் மீன் தாங்கிக்கொள்ளும் அதே அளவு, மென்னீரில் அதைக் கொன்றுவிடும். உலோகத்தை அளப்பவர்கள் பிஎச் (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்), கடினத்தன்மை, கரிமம் ஆகியவற்றையும் அளக்காவிட்டால் அந்த எண்ணை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

அம்மோனியா இதற்கு இன்னும் தெளிவான சான்று. நீரில் அது இரண்டு வடிவங்களில் இருக்கும். மின்சுமை உள்ள அம்மோனியம் அவ்வளவாகச் செவுளைக் கடக்காது. மின்சுமையற்ற அம்மோனியா தடையின்றிக் கடக்கும். எது எவ்வளவு என்பதைப் பிஎச்சும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 25 டிகிரியில் மொத்த அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். பிஎச் 7 என்றால் அதில் நச்சு வடிவம் 0.01 மில்லிகிராம் அளவுதான். பிஎச் 8 என்றால் 0.1. பிஎச் 9 ஆனால் 0.7. பல இனங்களுக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டினாலே செவுள் தடித்து வளர்ச்சி குன்றத் தொடங்கும்.

பாசி அடர்ந்த குளத்தில் இந்த ஏற்றம் ஒரே நாளுக்குள் நடக்கும். பகலில் பாசி கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்சப் பிஎச் ஏறிக்கொண்டே போகும், பிற்பகலில் உச்சத்தைத் தொடும். காலையில் சோதித்துவிட்டு நீர் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்வது இதனால்தான் தவறாகிறது. அம்மோனியாவைப் பிற்பகல் 3 மணி வாக்கில், பிஎச்சோடு சேர்த்து அளக்க வேண்டும். அம்மோனியா கூடியிருக்கும்போது சுண்ணாம்பு போடுவது பெரிய ஆபத்து. மீன்கள் சோர்ந்திருப்பதைப் பார்த்துச் சுண்ணாம்பைக் கொட்டினால், அது பிஎச்சை உயர்த்தி, அதுவரை தீங்கில்லாமல் கிடந்த அம்மோனியத்தையும் நஞ்சாக்கிவிடும். முதலில் தீவனத்தை நிறுத்துங்கள், நீரை மாற்றுங்கள்.

நைட்ரைட் வேறு தந்திரம் செய்கிறது. செவுள் குளோரைடை இழுக்கும் அதே வாசலில் அது தானும் புகுந்துகொள்கிறது. ரத்தத்தில் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாத மெத்திமோகுளோபினாக மாற்றுகிறது. ரத்தமும் செவுளும் காப்பிக்கொட்டை நிறத்துக்கு மாறும். நீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். வாசல் ஒன்றே என்பதால் மருந்தும் எளிது: சாதாரண உப்பு. நைட்ரைட்டைப் போல் குறைந்தது 10 மடங்கு குளோரைடு நீரில் இருந்தால் நைட்ரைட்டுக்கு நுழைய இடம் கிடைக்காது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் நைட்ரைட் என்றால் 1,000 லிட்டருக்குச் சுமார் 17 கிராம் உப்பு போதும். அதற்குள் ஏற்கெனவே உள்ள குளோரைடையும் கழித்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னவை உடலில் உடனே தெரியும் பாதிப்புகள். ரசாயனங்களின் நச்சுத்தன்மையை அளக்கும் அடிப்படைச் சோதனையும் இவற்றைத்தான் பிடிக்கிறது: 96 மணி நேரத்தில் பாதி மீன்களைக் கொல்லும் அளவு என்ன என்று அது கேட்கிறது. சாகாத மீன் அந்தக் கணக்கில் நலமான மீன். இது எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதற்கு மோப்பம் ஒன்றே போதும். பல மீன்களில் தோல் கிழிந்தால் ஓர் எச்சரிக்கைப் பொருள் நீரில் கலக்கும். அதை முகர்ந்த மற்ற மீன்கள் அசையாமல் அடியில் பதுங்கும். லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் தாமிரம் கூடினாலே இளம் சால்மனின் மோப்ப நரம்புகள் சில மணி நேரத்தில் மந்தமாகிவிடுகின்றன. மீன் நீந்தும், தின்னும், ஆனால் பக்கத்தில் இன்னொரு மீன் கடிபட்டாலும் பதுங்காது. அந்தச் சாவு, வேட்டையாடும் மீனின் கணக்கில்தான் சேரும்.

பூச்சிமருந்துகள் நரம்பைக் குறிவைக்கின்றன. ஆர்கனோபாஸ்பேட் வகை, நரம்பிலிருந்து தசைக்குப் போகும் சைகையை அணைக்கும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியை முடக்குகிறது. தசைகள் தளராமல் இறுகி, சில மீன்களுக்கு முதுகெலும்பே வளைந்துவிடும். பைரித்ராய்டு வகையைப் பாலூட்டிகளின் உடல் விரைவாகச் சிதைத்துவிடும், மீனின் உடலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. மனிதருக்குப் பாதுகாப்பானது என்ற அடைமொழியை நம்பி அதை நீர்நிலை ஓரம் தெளிப்பது பெரும் பிழை. மீன் தப்பினாலும் அது தின்னும் நீர்ப்பூச்சிகளும் சிறு ஓட்டுடலிகளும் முதலில் அழிந்துவிடும்.

முட்டையும் கருவும் இன்னும் மென்மையானவை. கச்சா எண்ணெயில் உள்ள பலவளைய ஹைட்ரோகார்பன்கள் கருவில் இதயம் உருவாவதையே கெடுக்கின்றன; குஞ்சு பொரித்தாலும் பின்னாளில் நீந்தும் வலு இருக்காது. கனடாவின் ஒன்டாரியோவில் 260 என்று எண்ணிட்ட ஒரு சோதனை ஏரியில் 2001 முதல் 2003 வரை, கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜனை லிட்டருக்கு 5 அல்லது 6 நானோகிராம் அளவில் கலந்து வைத்தார்கள். 25 லட்சம் லிட்டர் பிடிக்கும் நீச்சல் குளத்தில் 12.5 மில்லிகிராமைக் கரைத்தால் வரும் செறிவு அது. பேட்ஹெட் மின்னோ என்னும் சிறுமீனின் ஆண்கள், பெண்மீன் மட்டுமே சுரக்க வேண்டிய முட்டைக்கரு முன்புரதத்தைச் சுரக்கத் தொடங்கின. ஒரு மீனும் செத்து மிதக்கவில்லை; இனப்பெருக்கம் நின்று, அந்த இனம் அந்த ஏரியில் ஏறக்குறைய இல்லாமலே போனது. கலப்பதை நிறுத்திய சில ஆண்டுகளில் அது மீண்டு வந்தது.

சில நஞ்சுகள் உடலில் தங்கி உணவுச் சங்கிலியில் ஏறுகின்றன. கலிபோர்னியாவின் கிளியர் ஏரியில் கொசு போன்ற சிறு பூச்சியை ஒழிக்க டிடிடி (DDD) என்ற பூச்சிமருந்தைக் கலந்தபோது நீரில் அது பத்து லட்சத்தில் 0.02 பங்குதான். மீன் தின்னும் கிரீப் பறவையின் கொழுப்பில் 1,600 பங்கு இருந்தது. 1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் கண்டறியப்பட்ட நோய்க்குக் காரணமான மெத்தில் பாதரசமும் இப்படித்தான் ஏறுகிறது. சமைப்பவர் அறிய வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. பிசிபி என்னும் தொழிற்சாலை ரசாயனங்கள், டிடிடி போன்றவை கொழுப்பில் தங்குவதால் தோலையும் கொழுப்பையும் நீக்கினால் ஓரளவு குறையும். மெத்தில் பாதரசம் தசைப் புரதத்தோடு பிணைந்திருக்கும். வெட்டியோ வேகவைத்தோ அதை எடுக்க முடியாது.

ஒருநாள் காலையில் மீன்கள் செத்து மிதந்தால் முதல் சில மணி நேரம்தான் காரணத்தைச் சொல்லும். விடியலில், பெரிய மீன்கள் முதலில் செத்திருந்தால் பெரும்பாலும் ஆக்சிஜன் பற்றாக்குறை. எந்த நேரமும், சிறியவை முதலில், நண்டும் பூச்சியும் சேர்ந்து செத்திருந்தால் நஞ்சைச் சந்தேகிக்கலாம். ஒரே இனம் மட்டும் செத்தால் நோயாக இருக்கலாம், ஆனால் நஞ்சை விலக்கிவிடக் கூடாது: டயர் துகளிலிருந்து வரும் 6பிபிடி-குயினோன் கோஹோ சால்மனைச் சில மணி நேரத்தில் கொல்கிறது, சம் சால்மனை ஒன்றும் செய்வதில்லை, இது 2020இல்தான் தெரியவந்தது.

ஆக்சிஜன், பிஎச், வெப்பம் மூன்றையும் கரையிலேயே அளந்து நேரத்தோடு குறியுங்கள். பூச்சிமருந்துச் சோதனைக்குக் கண்ணாடிப் புட்டியில் விளிம்புவரை நிரப்பிப் பனிக்கட்டியில் வையுங்கள். உலோகச் சோதனைக்குத் தனிப் பிளாஸ்டிக் புட்டி. மாசு வந்திருக்கக்கூடிய இடத்துக்கு முன்னால், நீரோட்டத்தின் மேற்புறத்திலும் ஒரு மாதிரி எடுங்கள். அழுகிய மீன் எதற்கும் உதவாது. செவுள் இன்னும் சிவந்திருக்கும், துடித்துக்கொண்டிருக்கும் மீனை எடுங்கள். செவுளில் ஒரு துண்டை வெட்டி 10 சதவீத ஃபார்மலினில் இடுங்கள், மூளையை உறைய வையுங்கள். பாதிக்கப்படாத இடத்திலிருந்து அதே இன மீன் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். பூச்சிமருந்து முடக்கும் அந்த நரம்பு நொதி மூளையில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை அதனோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.