அடியைத் தாங்க ஒரு ஸ்பிரிங்: ஆர்.சி. காரில் சர்வோ பல் உடைவது ஏன்?

கல்லில் முட்டி நின்ற, ரிமோட்டில் ஓடும் ஆஃப்ரோடு ஆர்.சி. காரில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் சில சமயம் 'கரக் கரக்' என்று சத்தம் வரும், ஆனால் சக்கரம் அசையாது. ஸ்டியரிங்கைத் திருப்பும் மோட்டார் பெட்டியான சர்வோவைக் கழற்றிப் பார்த்தால் கடைசிப் பல்சக்கரத்தில் அடுத்தடுத்த இரண்டு மூன்று பற்கள் மட்டும் மொட்டையாக இருக்கும். மற்ற பற்கள் புதிதுபோலவே இருக்கும். இது தேய்மானம் இல்லை, ஒரே அடியில் முறிந்தது.

சர்வோவுக்குள் இருக்கும் குட்டி மோட்டாரின் வேகத்தைப் பல்சக்கரங்கள் ஏறக்குறைய 200 மடங்கு குறைத்து, முறுக்குவிசையைப் பெருக்குகின்றன. எதிர்த்திசையில் கதை வேறு. அடிபட்டு வெளித்தண்டு சட்டென்று திரும்பினால், மோட்டார் அதைவிட 200 மடங்கு வேகத்தில் சுழன்றாக வேண்டும். அதன் நிலைமம் வெளித்தண்டுக்குப் பல்விகிதத்தின் வர்க்கமாக, அதாவது 40,000 மடங்காகத் தெரியும். அந்த நொடியில் மோட்டார் பாறைமாதிரி நிற்கும். நடுவில் மாட்டுவது பல்தான்.

அடி எவ்வளவு பெரிது? 1.5 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் மோதி 2 செ.மீ. தூரத்துக்குள் நின்றால், சராசரி விசை சுமார் 260 கிலோ எடைக்குச் சமம். அதில் பத்தில் ஒரு பங்கு சக்கரத்தை ஸ்டியரிங்கோடு இணைக்கும் கம்பியான டை ராட் வழியாக வந்தாலே 26 கிலோ. 15 கிலோ-செ.மீ. முறுக்குவிசை உள்ள சர்வோ, தன் வெளித்தண்டில் மாட்டிய 2 செ.மீ. நீள ஹார்ன் என்ற கையின் நுனியில் தரக்கூடியது 7.5 கிலோ மட்டுமே. ஆக, இன்னும் வலுவான சர்வோ வாங்குவது இதற்கு மருந்தாகாது.

மருந்து, அடியை ஸ்பிரிங்கால் தாங்கிக்கொள்ளும் சர்வோ சேவர் என்ற இணைப்பு. சில கார்களில் அது ஹார்னிலேயே இருக்கும்: இரண்டு பாகமான ஹார்ன், நடுவே வளைய ஸ்பிரிங். நிஜக் காரில் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள (1/8) பக்கி வகைக் கார்களில், சர்வோவின் அசைவைச் சக்கரங்களுக்குக் கடத்தும் நெம்புகோலான பெல்கிராங்கில் இருக்கும். 'வி' வடிவப் பள்ளத்தில் உட்காரும் இரண்டு கைகளை ஒரு சுருள் ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும். அடி பட்டால் பள்ளத்திலிருந்து கை ஏறி விலகும், பிறகு தானே நடுவுக்கு வந்துவிடும்.

எல்லோரும் சறுக்குவது இதன் இறுக்கத்தில்தான். தளர்வாக விட்டால் சர்வோ திரும்பும், சக்கரம் பாதியில் நிற்கும். நட்டை முழுக்க இறுக்கினாலோ சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதன்பின் அது வெறும் இரும்புத் துண்டு. காரைத் தரையில் நிறுத்தி, ஓட்டாமல் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிப் பாருங்கள். சக்கரம் ஏறக்குறைய முழுக்கத் திரும்பும்வரை நட்டைக் கால் சுற்றாக இறுக்குங்கள். பிறகு மின்சாரம் கொடுத்த நிலையிலேயே ஒரு முன்சக்கரத்தைக் கையால் அழுத்தித் தள்ளுங்கள். சர்வோவின் தண்டு அசையாமல் சேவர் மட்டும் விலகினால் சரி.

ஹார்னில் சேவர் உள்ள காரில் அழகுக்காக அலுமினிய ஹார்ன் மாட்டினால், இருந்த ஒரே பாதுகாப்பும் போய்விடும். பெல்கிராங்கில் சேவர் இருந்தால் மாட்டலாம். இரண்டிலும் சேவர் வைத்தால் ஸ்டியரிங் கொழகொழவென்று ஆகிவிடும். ஹார்ன் வாங்குமுன், அது மாட்டும் சர்வோ தண்டின் வரிப்பற்களின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும்: ஃபுட்டாபா நிறுவனத்தின் சர்வோவில் 25, ஹைடெக்கில் 24, சான்வாவில் 23. பொருந்தாத பிளாஸ்டிக் ஹார்னை அழுத்தினால் உள்ளே போகும், ஆனால் ஓட்டத்தில் வழுக்கும்.

மோதாமலே சர்வோ கருகுவதும் உண்டு. சக்கரம் இயந்திர எல்லையில் முட்டிய பிறகும் டிரான்ஸ்மிட்டர் 'இன்னும் திரும்பு' என்று சொன்னால், நின்றுபோன மோட்டார் பல ஆம்பியர் இழுத்துச் சூடேறும். கூடவே ரிசீவருக்கான மின்னழுத்தம் சரிந்து கார் கட்டுப்பாடு இழக்கலாம். காரைத் தூக்கி வைத்து, சர்வோ எவ்வளவு தூரம் திரும்பலாம் என்று டிரான்ஸ்மிட்டரில் வரையறுக்கும் எண்ட்பாயிண்டை 70 சதவீதத்தில் தொடங்கி ஒவ்வொரு புள்ளியாகக் கூட்டுங்கள். சக்கரம் மேலும் நகராமல் சர்வோ முனகத் தொடங்கும் இடத்திலிருந்து 2 அல்லது 3 புள்ளி குறையுங்கள். இடதும் வலதும் பெரும்பாலும் ஒரே எண்ணில் அமையாது. சஸ்பென்ஷனை முழுக்க அமுக்கியும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

பாறையில் ஊர்ந்து ஏறும் கிராலர் கார்களில் மட்டும் சேவரை விட்டுவிடுகிறார்கள். அங்கே வேகமே இல்லை. இரண்டு கல்லுக்கு நடுவே சிக்கிய சக்கரத்தை நெம்ப வேண்டிய விசையை ஸ்பிரிங் விழுங்கிவிடும்.