கேத்தலுக்குப் போகும் வயரில் எத்தனை ஓம்?

இலங்கை மலையகத்தில் ஒரு லயன் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) தீப்பற்றி எரிந்தால், மறுநாள் செய்தியில் பெரும்பாலும் "மின்னொழுக்கு" என்ற ஒரே சொல்தான் காரணமாக வரும். மின்னோட்டம் தன் பாதையை விட்டு வேறு வழியில் கசிவதுதான் ஒழுக்கு. ஆனால், மின்னிணைப்பு வேலையில் நான் கழற்றி எடுக்கும் கருகிய பிளக் பேஸ்களில் (பிளக்கைச் செருகும் சுவர்ப்பெட்டிகளில்) பலவற்றில் ஓட்டம் எங்கும் ஒழுகியிருப்பதில்லை. போகவேண்டிய வயரிலேயே ஒழுங்காகப் போய், அந்த வயரின் தடையால் (ஓட்டத்தை எதிர்க்கும் தன்மை; அதன் அலகு ஓம்) அங்கேயே வெப்பமாக மாறியிருக்கிறது. இந்த வெப்பத்தை முன்கூட்டியே அறிந்துகொள்ளப் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலும் போதும்.

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக்கு என்னை அழைத்த அக்காவின் முறைப்பாடு எளிமையானது: "தம்பி, கேத்தல் முன்ன மாதிரி கொதிக்க மாட்டேங்குது, லைன்ல கரண்ட் குறைவு போல." தண்ணீர் கொதிக்கவைக்கும் அந்த மின்கேத்தலின் அடியில் 230 வோல்ட், 2000 வாட் என்று அச்சிட்டிருந்தது. வலுவை, அதாவது வாட் எண்ணை, வோல்டளவால் வகுத்தால் ஓட்டம் வரும் என்பதால் அது 8.7 அம்பியர் எடுக்க வேண்டும். வோல்டளவை அந்த ஓட்டத்தால் வகுத்தால் அதன் தடை ஏறத்தாழ 26.4 ஓம். கேத்தலை ஓடவிட்டு முன்னறை பிளக் பேஸில் அளந்தபோது 228 வோல்ட் இருந்தது. இலங்கையில் 230 வோல்டுக்கு மேலும் கீழும் நூற்றுக்கு 6 வரை வேறுபடலாம் என்பதால் அதில் குறையொன்றும் இல்லை. பின்பக்க அடுப்படியில், கேத்தல் செருகியிருந்த எக்ஸ்டென்ஷன் வயரின் முனையில் 205 வோல்ட்தான் வந்தது. வயரைச் சுற்றிப் பிடித்து ஓட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் 7.75 அம்பியர் காட்டியது.

205ஐ 7.75ஆல் வகுத்தால் மீண்டும் 26.4 ஓம் வருகிறது. ஆக, கேத்தலில் பழுது இல்லை. காணாமற்போன 23 வோல்டை அதே 7.75ஆல் வகுத்தால் 3 ஓமுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. அது வயரின் தடை. அந்த 23 வோல்டை 7.75 அம்பியரால் பெருக்கினால் 178 வாட்; தண்ணீருக்குப் போகாமல் வயரிலேயே வெப்பமாகிய வலு அது. கேத்தலுக்குக் கிடைத்தது 1589 வாட் மட்டுமே. (வோல்டளவு குறைந்தால் கேத்தல் அதிக ஓட்டத்தை இழுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். மோட்டார்களில் அப்படி நடப்பதுண்டு. சூடேற்றும் சுருளில் ஓட்டமும் சேர்ந்தே குறைகிறது.)

178 வாட் எங்கே போயிற்று என்பதுதான் முக்கியம். அந்த வயர் 0.5 சதுர மில்லிமீட்டர் தடிப்புள்ளது. 3 அம்பியருக்கு மேல் அதில் ஏற்றக்கூடாது. நீளம் 30 மீட்டர், ஆனால் அடுப்படிக்குத் தேவைப்பட்டது 12 மீட்டர்தான். மிஞ்சிய 18 மீட்டரையும் வளையமாகச் சுருட்டி, பலகைத் தடுப்பில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். நீட்டிக் கிடக்கும் வயரில் வெப்பம் காற்றோடு போய்விடும்; சுருளுக்குள் 92 வாட் (அடுத்துச் சொல்லும் இணைப்பின் 24 வாட் போக மிஞ்சியதில் 30க்கு 18 பங்கு), அதாவது ஏறக்குறைய ஒரு 100 வாட் குண்டு பல்பின் வெப்பம், வெளியேற வழியில்லாமல் அடைந்து கிடந்தது.

அதைவிட மோசமானது, எலி கடித்த இடத்தை வெட்டி, கம்பிகளை முறுக்கி, டேப் சுற்றிய இணைப்பு. அந்த ஒரு முறுக்கின் இரு பக்கமும் மீட்டரை வைத்தபோது 3.1 வோல்ட் காட்டியது. கணக்கின்படி அங்கே 0.4 ஓம், 24 வாட்: ஈயம் உருக்கும் சிறிய சோல்டரிங் அயனின் வலு. டேப்பைப் பிரித்தபோது உட்பக்கம் பிசின் காய்ந்து கரியாகியிருந்தது. மூடுபனியின் ஈரத்திலும் அடுப்புப் புகையிலும் செம்பு களிம்பேறிப் பச்சையாகியிருந்தது. களிம்பு ஏற ஏறத் தடை கூடும். தடை கூடக் கூட வெப்பம் ஏறும். வெப்பம் களிம்பை மேலும் வளர்க்கும்.

"எங்க வீட்லதான் ட்ரிப் சுவிச் இருக்கே தம்பி" என்றார் அக்கா. இதே பதிலை நான் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் கேட்கிறேன். ட்ரிப் சுவிச், போகும் ஓட்டத்துக்கும் திரும்பும் ஓட்டத்துக்கும் இடையில் வேறுபாடு, வழக்கமாக 30 மில்லி அம்பியர் அளவில், இருந்தால்தான் விழும். இங்கே போன 7.75 அம்பியரும் அப்படியே திரும்பி வருகிறது. ஓட்டம் மிகுந்தால் துண்டிக்கும் 16 அம்பியர் பிரேக்கருக்கோ அது பாதிச் சுமைகூட இல்லை. இரண்டுமே தங்கள் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கும்போதே பலகை தீப்பற்றலாம். பத்து வீடுகள் ஒரே கூரையைப் பகிரும் லயனில் அது யார் வீட்டுப் பலகை என்பது சிறிது நேரத்தில் பொருளற்றதாகிவிடும்.

உயிரோட்டமுள்ள வயரில் மீட்டர் வைப்பது பயிற்சி பெற்றவரின் வேலை; ஓம் அளவில் வைத்த மீட்டரை, மின்சாரத்தை நிறுத்தாமல் வயரில் வைக்கவே கூடாது. வீட்டிலுள்ளவர்கள் செய்யக்கூடியது, சாதனத்தின் அடியிலுள்ள வாட் எண்ணை 230ஆல் வகுத்து, வரும் அம்பியரை வயரும் பிளக் பேஸும் தாங்குமா என்று பார்ப்பது. பழைய வீடுகளில் இன்னும் இருக்கும் 5 அம்பியர் உருளைமுனை பிளக் பேஸ் 1150 வாட் வரைதான் தாங்கும்; அடாப்டர் போட்டு அதில் 2000 வாட் கேத்தலைச் செருகுவது சரியாகாது. சாதனத்தை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, சுவிச்சை நிறுத்தியபின் பிளக்கைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள். சுட்டால் எங்கோ தடை கூடியிருக்கிறது.

அந்த வீட்டில் எக்ஸ்டென்ஷனை அகற்றி, 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை எர்த்தோடு சேர்த்து அடுப்படிவரை இழுத்து, 13 அம்பியர் பிளக் பேஸ் ஒன்று பொருத்தினோம். முன்னறையில் அதே 228 வோல்ட் இருக்க, அடுப்படியில் 226.5 வோல்டும் 8.56 அம்பியரும் காட்டின. வகுத்துப் பார்த்தேன்: கேத்தல் அதே 26.4 ஓம், வயர் 0.18.