ஜாலோ: மஞ்சள் அட்டையிலிருந்து ப்ளூரே வட்டு வரை

ஜாலோ என்ற இத்தாலியச் சொல்லுக்கு நேரான பொருள் மஞ்சள். ஆனால் இத்தாலியில் ஒரு புத்தகக் கடைக்குள் போய் ஜாலோ எங்கே இருக்கிறது என்று கேட்டால் துப்பறியும் கதைகள் அடுக்கிய அலமாரியைக் காட்டுவார்கள். பழைய படங்களை ப்ளூரேயில் சேர்த்து வைக்கிற ஒருவரிடம் அதே சொல்லைச் சொன்னால், 1960களிலும் 70களிலும் இத்தாலியில் எடுத்த கொலைமர்மப் படங்கள்தான் அவர் நினைவுக்கு வரும். கறுப்புத் தோல் கையுறை, சவரக்கத்தி, முகம் காட்டாத கொலையாளி, கண்ணால் பார்த்ததைச் சரியாக நினைவுக்குக் கொண்டுவர முடியாமல் தவிக்கும் ஒரு சாட்சி.

முதலில் உச்சரிப்பைச் சொல்லிவிடுகிறேன். இத்தாலிய எழுத்துக்கூட்டலில் நடுவே ஒரு 'இ' வருகிறது. முன்னால் இருக்கும் மெய்யை 'க' என்று படிக்காமல் 'ஜ' என்று படிக்க வைப்பது மட்டுமே அதன் வேலை, அதற்குத் தனி ஒலி கிடையாது. ஆகவே ஜியாலோ, கியாலோ இரண்டும் பிழை. லகரம் அழுந்தி இரட்டிப்பதால் ஜால்லோ என்பதே மூலத்துக்கு நெருக்கம். தமிழில் ஜாலோ என்று எழுதினால் போதும். இத்தாலியப் பன்மை ஜால்லி. வேரைத் தேடிப் போனால் பச்சை கலந்த மஞ்சளைக் குறிக்கும் கால்பினுஸ் என்ற லத்தீன் சொல்லில் போய் நிற்கும். அது பழைய பிரெஞ்சு வழியாக இத்தாலிக்கு வந்தது.

நிறத்தின் பெயர் கதை வகையின் பெயரானது 1929இல். மிலானில் இயங்கிய மொண்டடோரி பதிப்பகம் அந்த ஆண்டு துப்பறியும் நாவல்களுக்கென்று ஒரு வரிசை தொடங்கியது. வரிசையின் பெயரே 'மஞ்சள் புத்தகங்கள்'. அட்டையும் பளிச்சென்ற மஞ்சள். முதலில் வந்தது எஸ்.எஸ். வான் டைன் என்ற அமெரிக்கரின் நாவல். எட்கர் வாலஸ், அகதா கிறிஸ்டி எல்லாம் இந்த மஞ்சள் அட்டை போட்டுக்கொண்டுதான் இத்தாலிய வாசகர்களிடம் போனார்கள். கொஞ்ச காலத்தில் வாசகர்கள் பதிப்பகத்தையும் வரிசையையும் மறந்து, கொலை நடந்து துப்புத் துலக்கும் எந்தக் கதையையும் ஜாலோ என்றே சொல்லத் தொடங்கினார்கள். முசோலினி ஆட்சிக்கு இந்த வகையே பிடிக்கவில்லை. 1941இல் வரிசை நின்றுபோனது. போர் முடிந்த பிறகு மீண்டும் வந்தது, இன்னமும் வருகிறது. இன்றைய இத்தாலிய நாளிதழ்களில் துலங்காத நிஜக் கொலை வழக்கைக்கூட ஜாலோ என்றுதான் தலைப்புப் போடுகிறார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? நேராக மொழிபெயர்த்து 'மஞ்சள் படம்' என்று எழுதினால் காரியம் கெட்டது. நமக்கு மஞ்சள் பத்திரிகை என்றால் அவதூறும் ஆபாசமும் நிறைந்த பத்திரிகை, மஞ்சள் புத்தகம் என்றால் ஒளித்து வைத்துப் படிக்கிற புத்தகம். இத்தாலியர் அந்த நிறத்தில் கண்ட பொருள் வேறு. இத்தாலியர் அன்றாடம் புழங்கும் விரிந்த பொருளுக்கு நம்மிடம் நூறாண்டு பழக்கமுள்ள சொற்களே இருக்கின்றன. துப்பறியும் கதை, மர்மக் கதை. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலத்திலிருந்தே தமிழ் வாசகர்கள் அறிந்த வகை இது. மர்மம் என்ற சொல் வடமொழி மர்மனிலிருந்து வந்தது, உடலின் உயிர்நிலை என்று அதற்கு ஒரு பொருள் உண்டு. நம் வர்மக்கலையில் இருக்கும் வர்மமும் அதே வேர்தான். தொட்டால் உயிர் போகிற இடமும், மறைத்து வைத்த ரகசியமும் ஒரே சொல்லில் இருப்பதால், ஒரு கொலைக்கதைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

ஆனால் குறிப்பிட்ட அந்த இத்தாலியப் படங்களை மட்டும் சுட்ட வேண்டும் என்றால் மர்மப் படம் என்பது மிகவும் பரந்த சொல். அங்கே ஜாலோ என்றே வைத்துக்கொண்டு, முதல் தடவை எழுதும்போது 'இத்தாலியக் கொலைமர்மப் படவகை' என்று ஒரு விளக்கம் சேர்ப்பதுதான் சரி என்பது என் முடிவு. இத்தாலியர்களுக்கே இந்த வேறுபாடு தேவைப்படுகிறது. ஹிட்ச்காக் படமும் அவர்களுக்கு ஜாலோதான் என்பதால், தங்கள் நாட்டுப் பாணியைக் குறிக்கும்போது 'இத்தாலிய முறை ஜாலோ' என்று பிரித்துச் சொல்கிறார்கள்.

இந்தப் படவகைக்கு வித்திட்டவர் மரியோ பாவா. 1963இல் அவர் கறுப்பு வெள்ளையில் எடுத்த ஒரு படத்தைத்தான் பொதுவாக முதல் ஜாலோ என்பார்கள். மறு ஆண்டே ஓர் ஆடை அலங்கார நிறுவனத்தில் நடக்கும் தொடர் கொலைகளை வண்ணத்தில் எடுத்தார். பச்சையும் சிவப்பும் ஊதாவுமாக விளக்குகளை விழவைத்து, கதையில் வரும் அறைகளையே ஓவியமாக்கினார். 1970இல் டாரியோ அர்ஜென்டோவின் முதல் படம், 'பளிங்குச் சிறகுப் பறவை' என்று பொருள்படும் தலைப்போடு வந்து பெரும் வெற்றி பெற்றது. ஒளிப்பதிவு விட்டோரியோ ஸ்டொராரோ, இசை எனியோ மோரிகோனே. அதற்குப் பிறகு பூனை, ஈ, பல்லி, வாத்து என்று தலைப்பில் ஏதாவது ஒரு பிராணியோடு படங்கள் வரிசை கட்டின. சேர்ஜோ மார்ட்டினோ, லூச்சோ ஃபுல்சி, மாசிமோ டல்லமானோ எல்லாம் இந்தக் காலத்தவர்கள்.

சேதமான பழைய ஃபிலிமிலிருந்து படத்தை, அது வெளிவந்தபோது இருந்தபடி திரும்பக் கொண்டுவருவதுதான் மீட்டெடுப்பு. இந்தப் படங்களுக்கு அது ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்டால், அதற்கான விடை இந்த வகையின் இலக்கணத்திலேயே இருக்கிறது. அர்ஜென்டோ 1975இல் எடுத்த 'அடர் சிவப்பு' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொலை நடந்த வீட்டுக்குள் நாயகன் ஓடுகிறான். சுவரெங்கும் ஓவியங்கள் தொங்கும் ஒரு நீண்ட நடை. கேமரா அவன் பார்வையாக அதைக் கடக்கிறது. ஏதோ ஒன்றைப் பார்த்தோம், அது என்ன என்று தெரியவில்லை என்று படம் முழுக்க அவன் அலைகிறான். அந்த ஏதோ ஒன்றை இயக்குநர் நம் கண்ணிலிருந்து மறைக்கவே இல்லை. அந்த ஷாட்டில் அது இருக்கிறது, ஒரு கணம்தான், திரையின் ஓரத்தில்.

இப்போது அதே ஷாட்டை ஒரு வீடியோ கேசட்டில் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 2.35:1 அகலத்தில், அதாவது உயரத்தைப் போல 2.35 மடங்கு அகலத்தில், எடுத்த படத்தைச் சதுரத் தொலைக்காட்சிக்காக வெட்டினால் அகலத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் போய்விடும். மிச்சம் இருப்பதும் கலங்கல். துப்பு படத்துக்குள் இருந்தது, ஆனால் பல ஆண்டுகள் வீட்டில் பார்த்தவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. கண்ணுக்கு எதிரே வைத்துவிட்டு, நீ கவனிக்கவில்லையே என்று பார்வையாளரிடம் சொல்வதுதான் இந்த வகையின் ஆட்டம். காட்சி தெளிவாக இல்லாவிட்டால் அந்த ஆட்டம் நேர்மையாக நடக்காது.

இன்னொரு விஷயம் டெக்னிஸ்கோப். டெக்னிகலர் நிறுவனத்தின் இத்தாலியக் கிளை 1960களின் தொடக்கத்தில் கொண்டுவந்த முறை இது. ஃபிலிமின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் துளைகளை வைத்துத்தான் ஃபிரேமின் உயரத்தைச் சொல்வார்கள். வழக்கமான 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு ஃபிரேம் நான்கு துளை உயரம். டெக்னிஸ்கோப்பில் இரண்டே துளை. அதாவது ஃபிலிம் செலவு பாதி. ஆயிரம் அடி ரோல் பதினொரு நிமிடத்துக்குப் பதில் இருபத்திரண்டு நிமிடம் ஓடும். சிக்கனப் பட்ஜெட்டில் அகலத்திரைப் படம் எடுத்தவர்களுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் அந்தச் சின்ன ஃபிரேமைத் தியேட்டருக்கு அனுப்ப, ஒளியியல் அச்சு இயந்திரத்தில் பெரிதாக்கி இன்னொரு பிரதி எடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு பிரதிக்கும் கிரெய்ன், அதாவது படத்தில் தெரியும் ஃபிலிமின் நுண்துகள், கூடும், கூர்மை குறையும். இன்று அந்த இரண்டு துளை நெகட்டிவை நேராக 4கே ஸ்கேனரில், அதாவது அகலவாக்கில் சுமார் நாலாயிரம் புள்ளிகளாகப் பதியும் கருவியில், ஏற்றுகிறார்கள். இடையில் பிரதி கிடையாது. அன்று தியேட்டரில் பார்த்தவர்களைவிடத் தெளிவாக நாம் பார்க்க முடிகிறது. 'அடர் சிவப்பு' இந்த முறையில் எடுத்ததுதான்.

நெகட்டிவ் கிடைத்தால் மட்டும் வேலை முடிந்துவிடாது. ஃபிரேம்களுக்கு நடுவே இடைவெளி மிகக் குறைவு என்பதால், படத்தொகுப்பில் ஃபிலிமை வெட்டி ஒட்டிய தடம் பல நேரம் படத்துக்குள்ளேயே தெரியும். அசிட்டேட் என்ற பொருளில் செய்த ஃபிலிம் கெட்டுப்போகும்போது புளித்த காடி வாடை அடிக்கும், சுருங்கும், நெளியும். கோடாக் நிறுவனத்தின் ஈஸ்ட்மேன்கலர் வண்ண ஃபிலிமில் எடுத்த பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுத்து, மொத்தப் படமும் இளஞ்சிவப்பாக நிற்கும். கீறலை மறைக்க, ஃபிலிமின் ஒளிவிலகல் எண்ணுக்குச் சமமான திரவத்தில் நனைத்தபடி ஸ்கேன் செய்வது ஒரு வழி. தூசியைக் கண்டுபிடிக்க அகச்சிவப்பு ஒளி உதவும். வண்ணச் சாயங்களை அது கடந்துபோகும், தூசியில் முட்டி நிற்கும், ஆக தூசியின் வரைபடம் தனியாகக் கிடைத்துவிடும். மிச்சத்தை மனிதர்தான் ஃபிரேம் ஃபிரேமாகத் துடைக்க வேண்டும்.

அப்புறம் பதிப்புகள். இந்தப் படங்கள் நாட்டுக்கு நாடு வெவ்வேறு நீளத்தில் ஓடின. 'அடர் சிவப்பு' இத்தாலியில் 126 நிமிடம், வெளிநாட்டுக்குப் போன ஆங்கிலப் பதிப்பில் இருபது நிமிடத்துக்கு மேல் குறைந்தது. வெட்டிய காட்சிகளுக்கு ஆங்கில ஒலி இல்லை. முழுப் படத்தை ஆங்கிலத்தில் பார்க்கும்போது நடுநடுவே பாத்திரங்கள் இத்தாலிய மொழிக்குத் தாவிவிடும், கீழே வசனம் ஓடும். இதை ஒரு குறையாக நான் பார்க்கவில்லை. அந்தக் காலத்து இத்தாலியில் படப்பிடிப்பில் ஒலி பதிவதே அரிது. நடிகர் ஆளுக்கொரு மொழியில் பேசுவார்கள், எல்லாம் பிறகு டப்பிங்தான். எனவே எந்த மொழி மூலம் என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை. நல்ல வட்டில் இரண்டு ஒலித்தடமும் இருக்க வேண்டும்.

கெடுதல் நடப்பது பெரும்பாலும் நல்ல எண்ணத்தில்தான். கிரெய்னை அழுக்கு என்று நினைத்து மென்பொருளால் வழித்தெடுத்தால் முகங்கள் மெழுகுப் பொம்மை மாதிரி ஆகிவிடும். கிரெய்ன்தான் ஃபிலிமின் சதை. வண்ணத்திலும் இதே கதை. சில மீட்டெடுப்புகளில் வெள்ளைச் சுவர் பழுப்பேறி, நீல வானம் பச்சை கலந்து, படம் முழுக்க ஒரு மஞ்சள் சாயல் படிந்திருக்கிறது என்று சேகரிப்பாளர்கள் பல ஆண்டுகளாகக் குறை சொல்கிறார்கள். என் கண்ணுக்கும் அது தெரிகிறது. படைத்தவர்களே மாற்றுவதும் உண்டு. அகலத்திரைப் படங்களுக்கு 2:1 என்ற விகிதமே சரி என்று ஸ்டொராரோ பிற்காலத்தில் நம்பினார். அவர் விருப்பப்படி 'பளிங்குச் சிறகுப் பறவை' இருபுறமும் வெட்டுப்பட்டு ஒரு ப்ளூரேயில் வந்தது. ரசிகர்கள் ஏற்கவில்லை. பின்னால் வந்த பதிப்பு முழு அகலத்துக்குத் திரும்பியது. ஒளிப்பதிவாளர் மீது எவ்வளவு மதிப்பு இருந்தாலும் இதில் ரசிகர்கள் பக்கம்தான் நியாயம். 1970இல் திரைக்கு வந்த படம்தான் நாம் காக்க வேண்டிய படம்.

இங்கேதான் தமிழ்ச் சொல் முக்கியமாகிறது. நம் ஊரில் பழைய படங்கள் மறுவெளியீடு வரும்போது 'டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டது' என்று போடுகிறார்கள். 1964இன் கர்ணன் 2012இல் திரும்ப வந்தபோதும் எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். புதுப்பித்தல் என்றால் பழையதைப் புதியதாக்குவது. வண்ணத்தை ஏற்றி, ஒலியைப் பிரித்துப் பெருக்கி, கிரெய்னை வழிக்கிற வேலைக்கு அந்தச் சொல் பொருந்தும். மீட்டெடுப்பை இத்தாலியர் ரெஸ்தவுரோ என்கிறார்கள், அது இதுவல்ல. 1939இல் ரோமில் மீட்டெடுப்புக்கென்றே அரசு நிறுவனம் அமைத்தவர்கள் அவர்கள். அதன் முதல் இயக்குநர் சேசரே பிராண்டி 1963இல் எழுதிய கோட்பாடு ஓவியம், சிற்பத்தைப் பற்றியது என்றாலும் திரைப்படத்துக்கும் அப்படியே பொருந்தும். வரலாற்றைப் பொய்யாக்காமல், காலம் விட்டுச்சென்ற தடங்களை முற்றாக அழிக்காமல், படைப்பின் முழுமையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றார். அதற்கு மீட்டெடுப்பு என்ற சொல்தான் சரி. சீரமைப்பு என்பது கிழிசல், துளை, ஒட்டு ஆகியவற்றைச் சரிசெய்யும் பகுதிக்கு மட்டும் ஆகும். ரீமாஸ்டர் என்பது, இருக்கிற மூலத்திலிருந்து வெளியீட்டுக்குப் புதிய தாய்ப்பிரதி தயாரிப்பது. அதில் மீட்டெடுப்பு நடந்திருக்கலாம், நடக்காமலும் இருக்கலாம்.

வட்டு வாங்கும்போது பின்னட்டையில் இதைத்தான் பார்க்க வேண்டும். 'எச்டி மாஸ்டர்' என்று மட்டும் போட்டிருந்தால் அது எப்போதோ தொலைக்காட்சிக்காக எடுத்த ஸ்கேனாக இருக்கலாம். எதிலிருந்து எடுத்தார்கள், எந்தப் பதிப்பு, எவ்வளவு நீளம், என்ன ஒலி என்று எழுதியிருந்தால் நம்பி வாங்கலாம். தமிழில் அந்த வரியை இப்படி எழுதலாம்: 'மூலக் கேமரா நெகட்டிவிலிருந்து 4கே துல்லியத்தில் மீட்டெடுத்தது, முழு இத்தாலியப் பதிப்பு, 126 நிமிடம், 2.35:1, இத்தாலிய, ஆங்கில மோனோ ஒலித்தடங்கள்.'